மறு: டேட்டா மாடலுக்குத் தமிழ்ச்சொல் – ‘தரவு யாப்பு’ குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தரவை எப்படி அடுக்குவது, இணைப்பது என்று வகுக்கும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘டேட்டா மாடல்’ (data model) என்கிறார்கள். அதற்கு ஈடாகச் சென்ற வாரம் நான் ஒரு வரியில் எழுதிப் போட்ட ‘தரவு யாப்பு’ என்ற சொல்லுக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாடநூல்கள் வழியாகப் பரவிவிட்ட ‘தரவு மாதிரி’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு என்று கோவை நண்பர் கேட்டிருக்கிறார். பழகிய சொல்லை மாற்றுவது எளிதன்று என்பதை நானும் அறிவேன். ஆனால் அந்தச் சொல் வேலை நடக்கும் இடத்தில் எப்படித் தடுக்குகிறது என்பதைக் கண்ணால் கண்டவன் என்பதால், அதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது தேனி மாவட்டத்துக் கம்பத்தில். மலை ஏறிக் குமுளியைத் தொட்டால் கேரளம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை ஏலக்காயை உலர்த்தித் தரும் ஒரு ஸ்டோருக்குத் தரவுத்தளம் அமைத்துப் பராமரிப்பது என் வேலை (காய் உலர்த்தும் கூடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்). உலர்ந்த காய் போடிக்கோ புற்றடிக்கோ ஏலத்துக்குப் போகும்போது ஒவ்வொரு லாட்டிலிருந்தும் (ஏலத்துக்கு வைக்கும் ஒரு தொகுதி) கொஞ்சம் காய் தனியே எடுக்கப்படும். வியாபாரி அதன் நிறத்தையும் பருமனையும் லிட்டர் எடையையும் (ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை) பார்த்தே விலை கேட்பார். பேச்சில் அது சாம்பிள், எழுத்தில் அது மாதிரி. ஆகவே எங்கள் தரவுத்தளத்தில் ‘மாதிரி’ என்றே ஓர் அட்டவணை உண்டு. மாதிரி எண், லாட் எண், எடுத்த நாள், லிட்டர் எடை, ஈரப்பதம் ஆகியவை அதன் நெடுவரிசைகள். வடிவமைப்பு ஆவணத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது ‘மாதிரித் தரவு’, ‘தரவு மாதிரி’, ‘மாதிரி அட்டவணையின் தரவு மாதிரி’ என்று மூன்றும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞரிடம் தரவு மாதிரியை அனுப்பச் சொன்னேன். அவர் அட்டவணையிலிருந்து இருபது வரிகளைப் படியெடுத்து அனுப்பினார். அவர் மேல் பிழையில்லை. இரத்த மாதிரி என்றால் இரத்தத்தில் கொஞ்சம், மண் மாதிரி என்றால் மண்ணில் கொஞ்சம். அப்படியானால் தரவு மாதிரி என்பது தரவில் கொஞ்சம் என்றுதான் தமிழறிந்த எவரும் கொள்வார்கள்.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை நான் குற்றமாகக் கருதவில்லை. அந்த இரண்டு பொருளும் ஒரே தாளில், ஒரே வாசகர் முன்னால் சந்திக்கின்றனவா என்பதே நான் பார்க்கும் சோதனை. ‘மாதிரி’ இதில் தோற்கிறது, ஏனென்றால் தரவோடு வேலை செய்கிறவர்களுக்குச் சாம்பிளும் மாடலும் இரண்டுமே அன்றாடத் தேவை. சித்தூர் நண்பர் பரிந்துரைத்த ‘நமூனா’வும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது, தெலுங்கிலும் அச்சொல் இரண்டு பொருளையும் சுமக்கிறது.

இனி, பெயரிட வேண்டிய பொருள் எது என்பதைப் பார்ப்போம். இந்த இடத்தில் நாம் ஆங்கிலச் சொல்லையே அளவுகோலாக வைத்துக்கொண்டதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி வந்தது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘டேட்டா மாடல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, தரவை எந்த வடிவங்களில் அடுக்கலாம், எந்த விதிகளுக்கு உட்படுத்தலாம், எந்தச் செயல்களால் கையாளலாம் என்ற பொது இலக்கணம். 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய தரவுத்தள அமைப்பில், பதிவுகளை வலைபோல் இணைக்கும் வலைநிலை இலக்கணத்துக்கு வித்து இருந்தது. அப்பல்லோ திட்டத்துக்காகத் தொடங்கிய ஐபிஎம்மின் ஐஎம்எஸ் என்ற தரவுத்தள மென்பொருள், பதிவுகளை மரக்கிளைபோல் அடுக்கும் படிநிலை இலக்கணத்தைப் பின்பற்றியது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை, தரவை அட்டவணைகளாக அடுக்கும் உறவுசார் இலக்கணத்தைக் கொண்டுவந்தது. முந்தைய இரண்டிலும், ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குப் போகும் பாதையை நிரல் எழுதுபவரே அறிந்திருக்க வேண்டும். காட் அந்தச் சுமையை இறக்கிவைத்து, என்ன வேண்டும் என்று கேட்டால் போதும், எப்படிப் போவது என்பதை அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்றார். தரவு மாடல் என்பது கட்டமைப்பு வகைகள், செயலிகள் (தரவைக் கையாளும் செயல்கள்), முழுமை விதிகள் (தரவு முரண்படாமல் காப்பவை) ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று பின்னர் அவரே தெளிவாக வரையறுத்தார்.

இரண்டாவது பொருள் முற்றிலும் வேறு. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் எவை எவை தனித்தனிப் பொருள்கள், அவற்றின் பண்புகள் யாவை, ஒன்றுக்கு மற்றொன்றோடு என்ன தொடர்பு என்று வரைந்து காட்டும் வரைவையும் டேட்டா மாடல் என்கிறோம். 1976இல் பீட்டர் சென் வகுத்த பொருள்–தொடர்பு வரைபடம் இதற்குத்தான் பெரிதும் பயன்படுகிறது. முதலாவது நிரல்மொழி என்றால் இரண்டாவது அந்த மொழியில் எழுதிய நிரல். தரவுத்தள நூலாசிரியர் கிறிஸ் டேட் தம் நூல்களில் இந்த வேறுபாட்டை வற்புறுத்தியிருக்கிறார். இருந்தும் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாம் இப்போதுதான் பெயர் சூட்டுகிறோம் என்பதால், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

முதலாவதான பொது இலக்கணத்துக்கு நான் ‘யாப்பு’ என்று சொன்னதன் காரணம் இதுதான். 1330 குறளுக்கும் யாப்பு ஒன்றே; குறள்கள் வேறு வேறு. உறவுசார் முறையும் ஒன்றே. அதில் அமைந்த ஏலக்காய் ஸ்டோரின் வடிவமைப்பும் பள்ளிக்கூடத்தின் வடிவமைப்பும் வேறு வேறு. யாத்தல் என்றால் கட்டுதல். இலங்கையில் சங்கங்களின் அமைப்பு விதிகளை இன்றும் யாப்பு என்றே சொல்கிறார்கள் என்பதை ஈழத்து நண்பர்கள் அறிவார்கள். யாப்பில் அசை, சீர், அடி என்று அலகுகள் இருப்பதுபோல, உறவுசார் முறையில் பண்பு (நெடுவரிசை), நிரை (ஒரு வரி), உறவு (அட்டவணை) என்று அலகுகள் உள்ளன. இந்த ஒப்புமையில் என்னை மிகவும் ஈர்த்தது, சீரோடு சீரை இணைக்கும் தளை. நின்ற சீர் எப்படி முடிகிறதோ அதைப் பொறுத்தே வரும் சீர் எப்படித் தொடங்கலாம் என்று வெண்டளை கட்டுப்படுத்துகிறது; மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் (அதாவது மாச்சீரை அடுத்து நிரையசை, விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசை). மாதிரி அட்டவணையில் ஒரு லாட் எண் இருக்க வேண்டுமானால் அதே எண் லாட் அட்டவணையில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதும் இதே இயல்புள்ள கட்டுப்பாடுதான். தரவு மீறக் கூடாத இத்தகைய விதியைக் குறிக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் என்பதற்குத் ‘தளை’ என்றே வைத்துக்கொண்டால், விதி மீறிய பதிவைத் தரவுத்தளம் ஏற்க மறுக்கும்போது ‘தளை தட்டுகிறது’ என்று சொல்லிவிடலாம். இதைவிடச் சுருக்கமாக அந்த நிகழ்வைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பேராசிரியர் அம்மா எழுப்பிய மறுப்பை அப்படியே மேற்கோள் காட்டுகிறேன், ஏனெனில் வந்த மறுமொழிகளில் அதுவே வலிமையானது:

> தரவு என்பதே கலிப்பாவின் ஓர் உறுப்பு. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று படித்த எவருக்கும் ‘தரவு யாப்பு’ என்றால் கலிப்பாவின் தரவு எப்படி யாக்கப்படுகிறது என்ற பொருள்தான் தோன்றும். மாதிரியில் மயக்கம் என்று சொல்லிவிட்டு அதைவிடப் பெரிய மயக்கத்தை ஏன் கொண்டுவருகிறீர்கள்?

அம்மா, நீங்கள் சொல்வது உண்மை. இந்த மோதலை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மேலே சொன்ன சோதனையையே இதற்கும் வைத்துப் பாருங்கள். கலிப்பாவின் தரவும் தரவுத்தளத்தின் தரவும் ஒரே தாளில் சந்திப்பது மிக அரிது. செய்யுள்களையே தரவுத்தளத்தில் ஏற்றும் ஆய்வாளர்களுக்கு மட்டுமே அந்த இக்கட்டு வரும், அவர்கள் இரண்டையும் நன்கு அறிந்தவர்களாக இருப்பார்கள். மாறாக, மாதிரியின் இரு பொருளும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒவ்வொரு கிடங்கிலும் நாள்தோறும் சந்திக்கின்றன. இன்னொன்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன். காட் சொன்ன மூன்றில் கட்டமைப்புக்கும் விதிக்கும் யாப்பில் இணை உண்டு, செயலிகளுக்கு இல்லை. இந்தக் குறை எனக்கு உறுத்தவே செய்கிறது. என்றாலும் ‘மாடல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் செயலிகளைச் சுட்டுவதில்லை என்பதால் அதை வரையறையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பொருளுக்கு, அதாவது ஒரு நிறுவனத்துக்கென வரைவதற்கு, ‘தரவு உருவரை’ என்பது என் முன்மொழிவு. தரவுத்தள வடிவமைப்பில் மிகக் கடினமான வேலை இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஸ்டோருக்குக் காய் கொண்டுவருகிறவர்களில் மலைமேல் நிலம் உள்ளவர்கள், இந்தப் பக்கம் நிலம் உள்ளவர்கள், இரு பக்கமும் உள்ளவர்கள் என்று எல்லோரும் உண்டு. தொடக்கத்தில் நான் அமைத்த படிவத்தில் ‘பட்டா எண்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் பட்டா என்பது ஒரு வருவாய்க் கிராமத்தில் நில உடைமையாளரின் கணக்கு. ஒரே பட்டாவில் பல புல எண்கள் இருக்கலாம், கூட்டுப் பட்டா என்றால் ஒரு பட்டாவுக்குப் பலர் உரியவராக இருக்கலாம். கேரளப் பக்கத்து விவசாயிகள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் தங்கள் ‘பட்டய’ எண்ணை எழுதினார்கள். ஒலியால் உடன்பிறப்புகளான இந்த இரு சொற்களும் பொருளால் வேறானவை. அங்கே பட்டயம் என்பது அரசு நிலத்தை ஒருவருக்குப் பதித்துக் கொடுக்கும் உரிமை ஆவணம். நம் பட்டா எண்ணுக்கு அங்கே நிகரானது தண்டப்பேர் எண். தண்டல் என்ற நம் பழைய வரிச்சொல்லை நினைவூட்டும் அந்தப் பெயரை, எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வாழும் நான் அதுவரை கவனித்ததே இல்லை. சிலர் பட்டய எண்ணையும் சிலர் தண்டப்பேர் எண்ணையும் எழுதிவைக்க, ஒரே நெடுவரிசையில் இரு வேறு பொருள்கள் கலந்துவிட்டன. ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு நிலம் என்று கூட்டிப் பார்த்தால் விடை தவறாக வந்தது.

இந்தப் பிழையை எந்த மென்பொருளாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எண்கள் எண்களாகவே இருந்தன, தளை எதுவும் தட்டவில்லை. உலகில் இருப்பது ஒரு பொருளா இரண்டு பொருளா என்று நான் கேட்காமல் விட்டதுதான் தவறு. பிறகு எங்கள் ஸ்டோரில் கணக்கு பார்க்கும் மலையாளிச் சகோதரியோடு உட்கார்ந்து, ‘நிலக்கணக்கு’ என்று ஒரு பொருளும் ‘உரிமை ஆவணம்’ என்று இன்னொரு பொருளும் பிரித்தோம். மாநிலம், கிராமம், எண் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு நிலக்கணக்கை அடையாளம் காட்டும் என்று வைத்தோம். விவசாயிக்கும் நிலக்கணக்குக்கும் உள்ள தொடர்பு பலவற்றுக்குப் பல (ஒருவருக்குப் பல கணக்குகள், ஒரு கணக்குக்குப் பலர்) என்பதால் அதற்குத் தனி அட்டவணை அமைத்தோம். பென்சிலும் தாளும் கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் நாங்கள் செய்த அந்த வேலைக்குத்தான் எனக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டும். உருவரைதல் என்று வினையாகவும், உருவரைஞர் என்று அதைச் செய்பவருக்குப் பெயராகவும் இச்சொல் விரிகிறது. ‘தரவு மாதிரியாக்குநர்’ என்பதைவிட வாய்க்கு இலகுவாகவும் இருக்கிறது.

உருவரை மூன்று நிலைகளில் அமையும் என்பதால் அடைமொழிகளையும் கையோடு முடிவு செய்துவிடலாம். கருத்துநிலை (conceptual), தருக்கநிலை (logical), பருநிலை (physical) என்பவை என் பரிந்துரை. மூன்றாவதை ‘இயற்பியல் தரவு மாதிரி’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பல இடங்களில் காண்கிறேன். வட்டில் தரவு எப்படி உட்காருகிறது, எந்த நெடுவரிசைக்கு விரைந்து தேட உதவும் சுட்டுவரிசை (index) வேண்டும் என்று பேசும் நிலைக்கும் இயற்பியல் என்ற துறைக்கும் தொடர்பில்லை. இந்த ஒன்றையாவது அனைவரும் கைவிட வேண்டுகிறேன்.

மற்ற பரிந்துரைகளைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். ‘தரவுக் கட்டமைப்பு’ நிரலுக்குள் தரவை அடுக்கும் முறையான டேட்டா ஸ்ட்ரக்சருக்கு உரியதாகிவிட்டது. வார்ப்புரு என்பது விக்கிப்பீடியாவால் டெம்ப்ளேட்டுக்கு நிலைத்துவிட்டது. ‘படிமம்’ கவிதையிலும் கணினியிலும் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. உறவு, தொடர்பு ஆகிய இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்ற திருவனந்தபுரத்து நண்பரின் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். காட் சொன்ன ரிலேஷன் கணிதத்தின் உறவு. அதாவது அட்டவணையே உறவு. அட்டவணைகளுக்கிடையே இணைப்பு இருப்பதால்தான் உறவுசார் என்ற பெயர் வந்தது என்று மாணவர்கள் தவறாகப் படித்துவிடுகிறார்கள். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘உறவுகளும் சார்புகளும்’ என்று பாடமே இருப்பதால் அந்த உறவையே இங்கும் வைத்துக்கொண்டு, ரிலேஷன்ஷிப்புக்குத் தொடர்பு என்பதை ஒதுக்கிவிடலாம்.

எனக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது என்டிட்டி (entity), அதாவது தரவுத்தளத்தில் தனித்தனியே அடையாளம் காணப்படும் ஒவ்வொன்றுக்கும் உரிய பெயர். இதுவரை ‘பொருள்’ என்றே எழுதிவருகிறேன். ஆனால் ‘பொருள்’ அர்த்தத்தையும் குறிக்கிறது, சரக்கையும் குறிக்கிறது. எங்கள் ஸ்டோரில் ஏலக்காயே ஒரு பொருள். நான் மாதிரிக்கு வைத்த அதே சோதனையில் இதுவும் தோற்கிறது. ‘உள்பொருள்’ என்று ஒருவரும் ‘உருபொருள்’ என்று மற்றொருவரும் முன்பு எழுதியிருந்தீர்கள். லாட், விவசாயி, நிலக்கணக்கு ஆகிய மூன்றுக்கும் பொருந்தி வருவது எது என்று, உங்கள் வேலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு எழுதினால், ஆவணத்தின் அடுத்த பதிப்பில் அதையே போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கம்பத்திலிருந்து