டார்க் ஸ்டியர்: முறுக்குத் திருப்பமா, முறுக்கிழுப்பா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
வணக்கம் அண்ணா. நம் கார்ச் சொற்பட்டியலில் டார்க் ஸ்டியருக்கு (torque steer, அழுத்தி மிதித்ததும் என்ஜினின் முறுக்குவிசையால் கார் ஒரு பக்கம் போவது) ‘முறுக்குவிசைத் திருப்பம்’ என்று போட்டிருக்கிறீர்கள். திருப்புவது ஓட்டுபவர் வேலை. இங்கே ஸ்டியரிங் அவர் கையைப் பறிக்கிறது. ரோபோட்டில் (தென்னாப்பிரிக்காவில் சிக்னலுக்குப் பெயர்) பச்சை விழுந்து, இரண்டாம் கியரில் அழுத்தி மிதித்ததும் கார் ஒரு பக்கம் போனால் ‘இழுக்குது’ என்றுதானே சொல்கிறோம்? ‘முறுக்கிழுப்பு’ என்று வைக்கலாம்.

ஃபீனிக்ஸிலிருந்து:
தம்பி, ‘வண்டி நல்லா இழுக்குது’ என்றால் பிக்கப்புக்குப் பாராட்டு. ஒரு டயரில் காற்று குறைந்தாலும் இழுக்கும், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) கெட்டாலும் இழுக்கும். எல்லாம் ஒரே சொல்லில் விழுந்தால் மெக்கானிக் தவறான இடத்தைத் திறப்பார்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
அதற்காகத்தான் ‘முறுக்கு’ முன்னால் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இழுத்தால் ‘நிலையிழுப்பு’ என்போம். மிதிக்கும்போது மட்டும் இழுத்து, விட்டதும் நின்றால் முறுக்கிழுப்பு.

என்ஜின் குறுக்கே அமர்ந்த முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பாக்ஸ் ஓர் ஓரமாக இருக்கும். அதனால் கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளில் பெரும்பாலும் ஒரு டிரைவ் ஷாஃப்ட் குட்டை, மற்றது நெட்டை. மிதித்ததும் மூக்கு தூக்கும். இரண்டு ஷாஃப்டின் கோணமும் ஒன்றுபோல் மாறாது. இரு சக்கரங்களையும் திருப்பப் பார்க்கும் விசைகள் சமமாகாது. ஃபோக்ஸ்வாகனின் சிறிய காரான சிட்டி கோல்ஃபில் டர்போ என்ஜினை இறக்கி, ஸ்பிரிங்கை 40 மி.மீ. தாழ்த்தினால் இது முற்றும். ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) 45 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 35 வீல் போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே போகும், நெம்பும் தூரமும் கூடும்.

முதலில் டயர்: இரு பக்கமும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று. பிறகு லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) பின்பக்க ரப்பர் புஷ், என்ஜின் மவுண்ட். அலைன்மென்ட் கடைசியில்தான். கிழிந்த புஷ்ஷோடு செய்தால், மெஷின் காட்டிய அளவு மிதித்த நொடியில் மாறிவிடும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல விடாத அமைப்பு) பூட்டினால் தீரும் என்பது தவறான நம்பிக்கை. பிடிப்பு கூடும், ஆனால் பிடியுள்ள சக்கரத்துக்கு முறுக்கு பாயும்போது இழுப்பும் கூடலாம்.

ஃபோர்டு 2009 ஃபோகஸ் ஆர்எஸ் காரில் 440 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முன்சக்கரங்களுக்கே கொடுத்தது. ஸ்டியரிங் அச்சைச் சக்கர மையத்துக்கு அருகே கொண்டுவரும் தனி நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) இருந்ததால்தான் அதைத் தாங்க முடிந்தது.

ஃபீனிக்ஸிலிருந்து:
சரி தம்பி, ‘திருப்பம்’ போகட்டும். முறுக்கிழுப்பு, நிலையிழுப்பு இரண்டையும் அடுத்தடுத்துச் சேர்க்கிறேன். சாலைச் சரிவால் வரும் இழுப்பு நிலையிழுப்பின் கீழேயே இருக்கட்டும். முறுக்கிழுப்பின் விளக்கத்தில் ‘ஆக்சிலரேட்டரை விட்டதும் நிற்கும்’ என்பதை முதல் வரியாக வைக்கிறேன்.