அப்பத்தா, அம்மாச்சி, ஜெபமாலை: உங்க வீட்டுக் கதைய சொல்லுங்க

தேவகோட்டை பேத்தி:
நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். அப்பத்தாவுக்கு கடைசில ஞாபகம் சுத்தமா போயிருச்சு, என்னையும் தெரியல, பெத்த மகன் எங்கப்பாவையும் தெரியல, "தம்பி யாரு, கோயில்ல இருந்து வர்றீகளா"ன்னு கேப்பாக. தலகாணிக்கு அடில கோடாலித் தைல பாட்டில்ல ஓரியூர் மண்ணு (புனிதர் அருளானந்தர் விசுவாசத்துக்காக உசுர விட்ட ஊரு மண்ணு) மட்டும் இருக்கணும், இல்லேன்னா தூக்கம் வராது. ஆனா சாயங்காலம் ஜெபமாலை ஆரம்பிச்சா "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"ன்னு அந்தக் கால ஜெபம் ஒரு எழுத்து பிசகாம வரும். ஒரு வியாழக்கிழமை நான் பாட்டுக்கு ஒளியின் தேவ இரகசியம்னு ஆரம்பிச்சேன் (தேவ இரகசியம்னா ஜெபமாலைல கெழமைக்கு ஏத்த மாதிரி தியானிக்கிறது; ஒளி 2002ல போப் ஜான் பால் சேத்தது, அவுக காலத்துல வியாழன்னா சந்தோஷ தேவ இரகசியம்தான்). படுத்திருந்தவக "ஏய் புள்ள, இன்னிக்கு சந்தோஷம்டி, எந்த உபதேசியாரு உனக்கு இப்படி சொல்லிக் குடுத்தது"ன்னு ஒரே அதட்டு. வீடே சிரிச்சிருச்சு. முடிச்சதும் எங்கப்பா பக்கம் திரும்பி, "தம்பி, உங்க ஆத்தா இருக்காகளா? அவுகளுக்கும் சேத்து ஒரு மந்திரம் சொல்றேன்"னாக. அப்பா "இருக்காக, சொல்லுங்க"ன்னுட்டு எந்திரிச்சு கொல்லப்பக்கம் போயிட்டாரு.

காரைக்குடி பலகாரக்காரி பேத்தி:
எங்க அம்மாச்சி நகரத்தார் வீட்டு கல்யாணங்களுக்கு பலகாரம் சுடப் போவாக. அதிரசம், தேன்குழல், சீப்புச்சீடை எதுவா இருந்தாலும் மாவு மேல வெரலால சின்னதா ஒரு சிலுவை போட்டுட்டுத்தான் எண்ணெய்ல கை வைப்பாக, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாக. அவுக செத்தன்னிக்கு அந்த வீட்டு ஆச்சி கார்ல வந்து எறங்கி, எங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு, "ஒங்காத்தா போடுற கோட்டை நான் மொத கல்யாணத்துலயே பாத்துட்டேன்டி, நம்ம வீட்டுக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன், இனிமே யாரு போடுவா"ன்னு அழுதாக பாருங்க. முக்காடு போட்டுக்கிட்டு பூசை முடியற வரைக்கும் கடைசி பெஞ்சுல ஒக்காந்திருந்தாக.

ஒரு மகன்:
கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீக. ஓரியூர் மண்ணுன்னா எல்லாரும் உருகுறீக. 1693 பிப்ரவரி 4ல அருளானந்தரை வெட்டுன எடம், ரத்தம் விழுந்துதான் செவந்துச்சுன்னு நானும் நம்புறவன்தான். ஆனா எங்கம்மா காய்ச்சல்னாலும் மண்ணு, தலைவலின்னாலும் மண்ணு, சக்கரை வந்து கால்ல புண்ணு ஆனதுக்கும் மண்ணு. ஆஸ்பத்திரின்னு சொன்னா சண்டை. கடைசில வெரல எடுக்க வேண்டியதாப் போச்சு. கட்டோட வீட்ல ஒக்காந்துக்கிட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? "அருளானந்தருக்கு தலையே போச்சு, எனக்கு ஒரு வெரலுதானடா." இதுக்கு நான் என்னத்த பதில் சொல்ல?

காரைக்குடி பலகாரக்காரி பேத்தி:
அண்ணே, மண்ணு என்ன பண்ணுச்சு பாவம். எங்க அம்மாச்சி மண்ணும் பூசுனாக, மாத்திரையும் தின்னாக. தேவகோட்டை அப்பத்தா தலகாணிக்கு அடில வச்சிருந்ததுக்கு போய் இவ்வளவு கோவமா?

சருகணிப் பக்கம்:
எங்க அப்பத்தா சருகணிக்கு வந்தா, பிரான்சுல இருந்து வந்த லெவே சாமியார் கல்லறைல மெழுகுதிரி ஏத்தாம பஸ் ஏற மாட்டாக, பஸ்ஸு போனாலும் பரவால்லம்பாக. அவ்வளவுதான் என் கதை. யாரும் கேக்கலேன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். கதைய மட்டும் வச்சுக்கிட்டு இருக்காதீக, ஞானஸ்நானம் வாங்குன பங்குல போய் ரெஜிஸ்டர் பாருங்க. தாய் தகப்பன், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேரு எல்லாம் இருக்கும், கல்யாணம் எந்தக் கோயில்ல நடந்துச்சுங்கிறதும் ஓரத்துல எழுதிருப்பாக. பழசு லத்தீன்ல இருந்தா பயப்படாதீக, பேரு தெரிஞ்சாப் போதும், மிச்சத்த சாமியார்ட்ட கேளுங்க. சிவகங்கை மறைமாவட்டம் 1987லதான் பிரிஞ்சுச்சு, அதுக்கு முன்னாடி நாமெல்லாம் மதுரை, அதனால சில காயிதம் அங்க இருந்தாலும் இருக்கும். ஞாயித்துக்கிழமை போய் நிக்காதீக, பூசை அவசரத்துல யாரும் பொட்டியத் தொறக்க மாட்டாக. ஆத்தா உசுரோட இருக்கவக இன்னிக்கே செல்போன்ல ஜெபத்தை ரெக்கார்டு பண்ணுங்க, போட்டோ எல்லாரும்தான் எடுக்குறோம், குரலை யாரு எடுக்குறா?

கண்டனூர் மருமக:
எங்க மாமியார் தபசு காலத்து (ஈஸ்டருக்கு முன்னாடி நோன்பு காலம்) வெள்ளிக்கிழமைன்னா வீட்டுக்குள்ள முட்டையே வரக்கூடாதும்பாக. அப்படிப்பட்டவகதான், சின்ன மகன் மலேசியால இருந்து சரியா அந்த வெள்ளிக்கிழமை பாத்து வந்து எறங்குனதும், யாருகிட்டயும் பேசாம கோழிய அறுத்து கொழம்பு வச்சாக. அவரு தட்டை தள்ளி வச்சாரு. "நீ தின்னுடா, பாவம் என் கணக்கு, நாளைக்கு நான் சாமியார்ட்ட சொல்லிக்கிறேன்"ன்னு பக்கத்துல ஒக்காந்து பரிமாறுனாக. மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாக. சொன்னாகளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு அரிக்குது, ஆனா அதப் போய் யாருகிட்ட கேக்குறது? கொழுந்தன் ரெண்டு தட்டு தின்னாரு.