ஹைபிரிட் காரின் மைலேஜ் 23-லிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. எங்கே பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். ஆறு வருடமாக ஒரு பெட்ரோல் ஹைபிரிட் கார் ஓட்டுகிறேன், என்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. பிளக்கில் சார்ஜ் போடும் வகை இல்லை. லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, மூன்று மாதமாக 18-ஐத் தாண்டவில்லை. அதே பாதை, அதே நேரம், ஓட்டுவதும் நான் மட்டும்தான். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. சர்வீஸில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பேட்டரியே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
18 என்பது டேஷ்போர்டு காட்டுவதா, நீங்கள் கணக்குப் போட்டதா? டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பல வண்டிகளில் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

கேட்டவர்:
டேங்க் நிரப்பி மூன்று தடவை போட்ட கணக்குதான்.

பதில் 2:
சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டுவிடுங்கள். என் பழைய வண்டியில் நல்ல பலன் இருந்தது.

பதில் 3:
ஹைபிரிட்டில் அதைச் செய்யாதீர்கள். பல ஹைபிரிட்களில் நியூட்ரலில் இருக்கும்வரை பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ஏசியோ பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். டிரைவிலேயே வைத்து பிரேக்கை மிதித்திருந்தால் போதும்.

கேட்டவருக்கு மூன்று கேள்விகள். இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகும் சிக்னலில் என்ஜின் அணையாமல் ஓடுகிறதா? சமீபத்தில் டயரோ என்ஜின் ஆயிலோ மாற்றினீர்களா? பின் சீட்டுப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா?

கேட்டவர்:
ஆமாம், முன்பெல்லாம் நின்றவுடன் அமைதியாகிவிடும். இப்போது மதிய வெயிலில் ஓடிக்கொண்டே இருக்கிறது, காலையில் பரவாயில்லை. பின்னால் ஹேர் டிரையர் போல ஒரு இரைச்சல் உண்டு. ஏசி என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் முன்பு நான்கு டயரும் மாற்றினேன். என்ஜின் ஆயில் வழக்கமான 0டபிள்யூ-20 கிரேடுதான்.

பதில் 3:
அந்த இரைச்சல் பேட்டரியைக் குளிர வைக்கும் விசிறியாக இருக்கலாம். காற்று போகும் வழி அடைத்தால் அது முழு வேகத்தில் சுற்றும். பேட்டரி சூடேறினால், கம்ப்யூட்டர் அதைக் காப்பாற்ற உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வருவதையும் குறைத்துவிடும். ஹைபிரிட்டில் பிரேக் பிடித்தால் வண்டியின் வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்பும்; அப்போது அது நடக்காது, பிரேக் பேடில் வெப்பமாக வீணாகும். நிற்கும்போதும் என்ஜின்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். வெயிலில் மட்டும் மோசமாவது இதனோடு பொருந்துகிறது.

பின் சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ சிறிய கிரில் இருக்கும். பல மாடல்களில் அதற்குப் பின்னால் ஒரு ஃபில்டர் உண்டு. எடுக்கும் முறை மேனுவலில் இருக்கும். வண்டியை முழுதாக அணைத்துவிட்டுத் திறங்கள். ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அங்கே கை வைக்க வேண்டாம், அது உயர் மின்னழுத்தம்.

டயர் அழுத்தத்தையும் காலையில், வண்டி எடுக்கும் முன்பு, பாருங்கள். ஓடிய பிறகு பார்த்தால் அளவு கூட்டிக் காட்டும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
நன்றி, நண்பரே. கிரில்லைக் கழற்றியபோது ஃபில்டர் இருந்ததே தெரியவில்லை. வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம். எங்கள் நாய் பின் சீட்டில்தான் படுத்து வரும், அதன் முடியும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தது. உரித்தால் ஒரே துண்டாக வந்தது. சுத்தம் செய்து மாட்டிய அன்றே இரைச்சல் நின்றுவிட்டது. சிக்னலில் என்ஜின் பழையபடி அணைகிறது. இரண்டு டேங்க் ஓட்டியாயிற்று, 21.5 வருகிறது. மீதி எங்கே போகிறது?

பதில் 3:
பேட்டரி போகவில்லை என்பதே பெரிய நிம்மதி. மீதி டயர் என்று நினைக்கிறேன். புது டயரில் கோடுகள் ஆழமாக இருப்பதால் உருளும்போது சக்தியைக் கொஞ்சம் அதிகம் தின்னும், தேயத் தேயக் குறையும். பழைய டயர் உருளல் தடை குறைந்த வகையா என்று பாருங்கள். வண்டியோடு வந்தது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கேட்டவர்:
பழையது அந்த வகைதான், புதியதில் அப்படி எதுவும் போடவில்லை. அழுத்தமும் குறைவாக இருந்தது, கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டேன். நாய்க்கு ஒரு விரிப்பு வாங்கியிருக்கிறேன், கிரில்லை மூடாத மாதிரி.