செல்வந்தர் மீதான வரியை உயர்த்த வேண்டுமா? மலையகத்தவர் என்ன நினைக்கிறீர்கள்?

கேள்வி (ஹட்டன்):
இலங்கையில் 2022 தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி (பொருட்கள், சேவைகளின் விலையோடு சேர்த்து அறவிடப்படும் VAT), 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியது. நேற்று அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வரும் வழியில் இரண்டு சவர்க்காரக் கட்டிகளும் கைப்பேசிக்கு 100 ரூபா ரீலோடும் வாங்கினார். கொழும்பில் மூன்று வீடு வைத்திருப்பவரும் இவற்றுக்கு அதே வீதத்தில்தான் வரி கட்டுகிறார். சொத்துள்ளவர்களிடம் கூடுதலாக அறவிட்டால் என்ன? எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் அதையே கேட்கிறார்கள். உங்கள் பக்கத்தில் எப்படி?

பதில் (பதுளை):
தம்பி, நான் ஆசிரியை. எங்கள் ஓய்வறையில் கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வருமான வரியின் உச்ச வீதம் 2023 முதல் 36 சதவீதம். ஆனால் மாதச் சம்பளக்காரரிடம் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி கழிக்கப்படுகிறது, ரொக்கமாக வாடகை வாங்குபவரோ கணக்கிலேயே வருவதில்லை. அவரை வரி வலைக்குள் கொண்டுவராமல் வீதத்தை மட்டும் உயர்த்தினால், ஏற்கெனவே கட்டுகிறவரே மேலும் கட்டுவார் என்பது என் அச்சம்.

பதில் (நுவரெலியா):
அக்கா சொல்வது சரி, அதனால்தான் வருமானத்தைவிடச் சொத்தின் மீது வரி விதிப்பது நல்லது என்கிறேன். வருமானத்தை மறைக்கலாம், காணியையும் மாடி வீட்டையும் மறைக்க முடியாது. செல்வ வரி இந்நாட்டுக்குப் புதியதன்று. முன்பு இருந்து, 1990களில் நீக்கப்பட்டது. மரக்கறி வியாபாரியான என்னிடம் வருபவர்கள், பெரிய பணக்காரர்களுக்கு வரி போட்டால் சாமான் விலைதான் ஏறும் என்று அஞ்சுகிறார்கள். குடியிருக்கும் மாளிகைக்கான வரியை எந்தச் சாமான் விலையில் ஏற்றுவது?

கேள்வி கேட்டவர்:
நன்றி. வசூலாகும் பணம் எங்கள் லயத்துக் கூரைக்கு வந்து சேருமா என்றுதான் அம்மா கேட்கிறார்.