முழு டிஸ்க் இமேஜை மவுண்ட் செய்ய முடியவில்லை, சூப்பர்பிளாக் பிழை வருகிறது

தேன்சிட்டு:
அப்பாவின் பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பித்ததும், டிடி (பைட் பைட்டாக நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளை) மூலம் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுத்து வைத்தேன். அப்பா.ஐஎம்ஜி, 320 ஜிபி. உள்ளே இருந்தது உபுண்டு. ஐஎஸ்ஓ கோப்பைத் திறப்பதுபோல லூப் ஆப்ஷன் (கோப்பை ஒரு டிஸ்க் போலக் காட்டுவது) கொடுத்து மவுண்ட் செய்தால் "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்கிறது. டிஸ்க் இப்போது சுத்தமாகப் போய்விட்டது, மறுபடி நகலெடுக்க வழியில்லை. அதிலுள்ள போட்டோக்கள் எனக்குக் கட்டாயம் வேண்டும். இமேஜ் கெட்டுவிட்டதா?

கருமுனை:
இந்தப் பிழையை மட்டும் வைத்து இமேஜ் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஐஎஸ்ஓ என்றால் கோப்பு முழுக்க ஒரே ஃபைல்சிஸ்டம், அப்படியே மவுண்ட் ஆகும். நீங்கள் எடுத்திருப்பது முழு டிஸ்க். அதன் தலையில் பார்ட்டிஷன் டேபிள், அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல், உட்கார்ந்திருக்கிறது. உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல்சிஸ்டமான இஎக்ஸ்டி4, தன் விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக்கை ஆரம்பத்திலிருந்து 1024 பைட் தள்ளி எதிர்பார்க்கும், அங்கே வேறு ஏதோ இருப்பதால் திட்டுகிறது.

எஃப்டிஸ்க் -எல் அப்பா.ஐஎம்ஜி என்று கொடுத்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த செக்டாரில் தொடங்குகிறது என்று காட்டும். முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 2048-இல் இருக்கும். அதை 512-ஆல் பெருக்கினால் 1048576. இந்த எண்ணை மவுண்டுக்கு ஆஃப்செட்டாகக் கொடுக்கலாம். ஆனால் கணக்குப் போடும் வேலையே வேண்டாம், லூப் டிவைஸே பார்ட்டிஷன்களைப் பிரித்துக் கொடுக்கும்:

சூடோ லோசெட்டப் -ஆர் -எஃப் -பி --ஷோ அப்பா.ஐஎம்ஜி

'பி' மட்டும் பெரிய எழுத்து. லூப்0 என்று பதில் வந்தால், டெவ் அடைவுக்குள் லூப்0பி1, லூப்0பி2 என்று வரிசையாக நிற்கும். வேண்டியதை மவுண்ட் செய்துகொள்ளுங்கள்.

அந்த -ஆர் (லூப் டிவைஸில் எதையும் எழுத விடாதது) மட்டும் எக்காரணத்தாலும் விட்டுப்போகக் கூடாது. மவுண்ட் செய்யும்போது ரீட்-ஒன்லி கொடுத்தாலே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. இஎக்ஸ்டி4-இன் ஜர்னலில் (எழுதப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) பாக்கி இருந்தால், ரீட்-ஒன்லி மவுண்டிலும் கர்னல் அதை எழுதி முடிக்கும். முன்னும் பின்னும் இமேஜின் எஸ்ஹெச்ஏ256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டால் இரண்டும் வேறாக இருக்கும். உங்களிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரே கோப்பு, அதில் ஒரு பைட்கூட மாற வேண்டாம்.

நள்ளிரவுமீன்:
லூப்0பி1 வராமலே போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எப்போதாவது யுஎஸ்பி பெட்டியில் மாட்டிப் பார்ட்டிஷன் பிரித்தீர்களா? சில பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4096 என்று மாற்றிக் காட்டும். பார்ட்டிஷன் டேபிளை எந்த அளவில் எழுதினார்களோ அந்த அளவில்தான் படிக்க வேண்டும். அப்படியென்றால் லோசெட்டப்புக்கு --செக்டார்-சைஸ் 4096 கொடுத்துப் பாருங்கள்.

தேன்சிட்டு:
எல்லாம் நேரடியாக லேப்டாப்பிலேயே செய்தது, பெட்டி இல்லை. இரண்டு பார்ட்டிஷனும் வந்துவிட்டன! பி1 சின்ன ஃபேட் ஃபைல்சிஸ்டம், கம்ப்யூட்டரைத் தொடங்க உதவும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் போலிருக்கிறது, திறக்கிறது. ஆனால் பி2 "கேனாட் மவுண்ட் ரீட்-ஒன்லி" என்று நின்றுவிட்டது. -ஆர் எடுத்துவிடட்டுமா?

கருமுனை:
வேண்டாம், எடுக்காதீர்கள். டிமெசேஜ் (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) தரும் கடைசி வரிகளைப் பாருங்கள், "நோலோட்" போட்டுப் பார்க்கச் சொல்லி கர்னலே எழுதியிருக்கும். லேப்டாப் ஒழுங்காக அணையாமல் நின்றிருக்கிறது, ஜர்னலில் பாக்கி இருக்கிறது. எழுத அனுமதி இல்லாததால் கர்னல் ஒதுங்கிக்கொண்டது. இதற்காகத்தான் -ஆர் கேட்டேன்.

மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோலோட் என்று கொடுங்கள். ஜர்னலைத் தொடாமல் திறக்கும். கடைசி நேரத்தில் எழுதிய சில கோப்புகள் அரைகுறையாகத் தெரியலாம். பல வருடப் பழைய போட்டோக்களுக்கு அதனால் பாதிப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு. ஏதாவது ஃபோல்டர் விசித்திரமாக இருந்தால் மட்டும் இமேஜை இன்னொரு நகல் எடுத்து, அந்த நகலில் இ2எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்த்துச் சீராக்கும் கட்டளை) ஓட்டுங்கள்.

நள்ளிரவுமீன்:
நகலுக்கு 320 ஜிபி இடம் இல்லையென்றால், இமேஜை டிஸ்க் போலக் காட்டும் கியூஇஎம்யு-என்பிடி இருக்கிறது. --ஸ்னாப்ஷாட் கொடுத்தால் எழுதுவதெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்புக்குப் போகும், மூல இமேஜ் அப்படியே இருக்கும். வடிவம் ரா என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். முதலில் கர்னலின் என்பிடி மாட்யூலை ஏற்ற வேண்டும்.

தேன்சிட்டு:
நோலோட் கொடுத்ததும் திறந்துவிட்டது. ஹோம் அடைவும் போட்டோக்களும் அப்படியே இருக்கின்றன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நகலெடுத்த பிறகு எப்படிக் கழற்றுவது?

கருமுனை:
மிக்க மகிழ்ச்சி. முதலில் யூமவுண்ட், அப்புறம் லோசெட்டப் -டி லூப்0. "டார்கெட் இஸ் பிஸி" என்றால் ஏதோ ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நிற்கிறது, வெளியே வந்துவிட்டு மறுபடி கொடுங்கள். போட்டோக்களை ஆர்சிங்க் -ஏ (நகலெடுக்கும் கட்டளை) போட்டு எடுங்கள், கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட தேதிகள் அப்படியே வரும்.