வைக்கிங் வீரரின் முதன்மை ஆயுதம் வாளா, ஈட்டியா?

நெடுங்கடல் எழுதியது:
வைக்கிங்குகள், அதாவது இடைக்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிப் போர்வீரர்கள், என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசமும் நீண்ட வாளும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. கொம்புக்குச் சான்றே இல்லை. 1876-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு உருவாக்கிய உடைகளே அந்தத் தோற்றத்தைப் பரப்பின. வாளும் பெரும்பாலான வீரர்களுக்கு எட்டாத பொருள் என்பது என் கருத்து. ஒரு வாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ இரும்பும் தேர்ந்த கொல்லரின் நெடுநேர உழைப்பும் வேண்டும். ஈட்டிக்கோ சிறிய இரும்பு முனையும் மரக்காம்பும் போதும். அவர்களுடைய தலைமைக் கடவுளான ஓடினின் கையில் இருப்பதும் குங்னிர் என்னும் ஈட்டியே.

உலைக்களம் எழுதியது:
தங்கள் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நார்வேயின் கல்லறைகளில் வாள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கும்போது, அதை எட்டாத பொருள் என்று எப்படிச் சொல்வது? இங்கிலாந்து மன்னர் ஏதெல்ஸ்டன் தம் வளர்ப்பு மகன் ஹாக்கோனுக்கு அளித்த வாளுக்கு, திரிகைக்கல்லையும் கடித்துத் துண்டாக்கும் என்ற பொருளில் பெயரிட்டார்கள். பெயர் சூட்டிப் போற்றிய ஆயுதத்தைத் துணைக்கருவி என்று ஒதுக்குவது நியாயமாகாது.

நெடுங்கடல் எழுதியது:
போற்றினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. போற்றியதற்குக் காரணமே அதன் அருமைதான். மேலும், இறந்தவரோடு வாளைப் புதைக்க வசதி படைத்த குடும்பங்களின் கல்லறைகளை வைத்து, துடுப்புப் போட்ட ஒவ்வொருவரிடமும் அது இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. மேற்கு பிராங்கிய நாட்டின் (இன்றைய பிரான்ஸின் பெரும்பகுதி) அரசர் வழுக்கைச் சார்லஸ் 864-இல், வடபுலத்தாருக்கு, அதாவது வைக்கிங்குகளுக்கு, ஆயுதமோ வளையக் கவசமோ கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார். அவர்கள் பிறரிடமிருந்தும் ஆயுதம் பெற்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கரைமணல் எழுதியது:
இருவருமே கேடயத்தை மறந்துவிட்டீர்கள். 1880-இல் நார்வேயில் அகழ்ந்தெடுத்த கோக்ஸ்டாட் என்னும் வைக்கிங் கப்பலின் இருபுறமும் பக்கத்துக்கு 32 வீதம் கேடயங்கள் இருந்தன. ஒன்று மஞ்சள், அடுத்தது கறுப்பு என்று மாறி மாறி வண்ணம் பூசப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 94 செ.மீ. அகலமுள்ள மெல்லிய பைன் பலகை. நடுவில் ஒரு துளை, அதன் பின்னே கைப்பிடி, முன்னே பிடித்த விரல்களைக் காக்கும் இரும்புக் குமிழ். இரும்புக் கவசம் அரிதாக இருந்த காலத்தில், சாதாரண வீரரின் உயிரைக் காத்தது இந்தப் பலகைதான். 1943-இல் நார்வேயின் கெர்முண்ட்பூவில் கிடைத்ததைப் போல ஓரளவு முழுமையான வைக்கிங் காலத் தலைக்கவசம் இன்றும் மிக அரிது.

உலைக்களம் எழுதியது:
கேடயத்தைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. எண்ணிக்கையில் ஈட்டி மிகுதி என்பதையும் ஏற்கிறேன். ஆயினும், வீரர்கள் கேடயங்களை நெருக்கி நிறுத்திய கேடயச் சுவர் குலைந்து, ஈட்டிக்காம்பு முறிந்து, கைக்கெட்டும் தொலைவில் எதிரி நிற்கும்போது இடுப்பிலிருந்து எது வெளியே வரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நெடுங்கடல் எழுதியது:
வாள் வைத்திருந்தவருக்கு வாள் வரும். மற்றவர்களுக்கு, வீட்டில் விறகு பிளக்கவும் பயன்பட்ட கோடரி வரும்.