மறு: லேசுக்குத் தமிழ்ல என்ன? (அவசரம், நாளைக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். தையல் பாடநூல் ஒன்னு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், நாளைக்குக் கொடுத்தாகணும். லேஸ்ல மாட்டிக்கிட்டேன். ஒரே பக்கத்துல ஷூ லேஸ், கையோரத்துல வச்சுத் தைக்கிற பூவேலை லேஸ், ராணுவ உடுப்புல வர்ற தங்க லேஸ், போதாக்குறைக்கு முதுகுப்பக்கம் கயிறு கோத்து இறுக்குறதுக்கும் அதே சொல்லு. பதிப்பாசிரியர் ஒரு சொல்லுக்கு ஒரே இணைதான்னு அடம்பிடிக்கிறார்.

-----

கட்டுறதுக்கு நாடா, உடுப்புக்குச் சரிகை. துணிக்கு மட்டும் பின்னல்னு வச்சிடலாமே?

-----

> பின்னல்னு வச்சிடலாமே

வேணாங்க, பின்னலாடைன்னா பனியன்னு ஆகி ரொம்ப நாளாச்சு. நாடாவும் பாவம், பாவாடை நாடா, ஒலிநாடா, தறியில ஓடுற நாடா, வயித்துக்குள்ள நாடாப்புழுன்னு ஏற்கெனவே எவ்வளவோ சுமக்குது. அது தமிழ்ச்சொல்லே இல்லங்கிறது வேற.

-----

நண்பர்களே, வேரைப் பாருங்கள். லத்தீன்ல லாக்வியஸ், அதாவது சுருக்குக் கயிறு. அதுலேர்ந்துதான் லேஸ், மாடு பிடிக்கச் சுழட்டி வீசுற லாஸோ எல்லாம். நம்மிடம் சுருக்குக்கு என்ன? கண்ணி! தலையில சூடுற மாலையும் கண்ணிதான், புறநானூறு முதல் பாட்டே "கண்ணி கார்நறுங் கொன்றை"ன்னுதான் தொடங்குது. சங்கிலி வளையமும் கண்ணி. கயிறும் பூவும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கும்போது வேறென்ன வேணும்? கயித்துக்குக் கண்ணி, துணிக்குக் கண்ணித்துணி. மென்துணியும் நமக்குப் புதுசில்லை, பொருநராற்றுப்படையில "அரவுரி அன்ன அறுவை" உண்டு, பாம்புச் சட்டை மாதிரித் துணி.

-----

ஐயா, பாட்டு அருமை, ஆனா அந்த வரிக்கு முன்னாடியே "நோக்கு நுழைகல்லா நுண்மைய"ன்னு வருதே. இழை போன வழி கண்ணுக்கே தெரியாத துணி அது. லேசுல ஓட்டைதான் அழகே, நேர் எதிர்! அறுவைன்னா இன்னிக்கு ஆபரேஷன், கண்ணின்னா கண்ணிவெடி. "ஓடும்போது கண்ணி அவிழ்ந்தது"ன்னு எழுதினா பிள்ளைங்க பயந்துடும்.

இன்னொன்னு, செய்முறையையும் பாக்கணும். எம்ப்ராய்டரின்னா துணி மேல போடுறது, கை லேசுல அடியில துணியே கிடையாது, வேலைதான் துணி. ஊசி லேஸ்ல ஒரே நூல வச்சு பொத்தான் துளைக்குப் போடுற மாதிரி தையலுக்கு மேல தையலா ஏத்திக்கிட்டே போவாங்க. இன்னொரு வகையில சின்னச் சின்னக் கட்டைங்கள்ல நூல் சுத்தி, திண்டு மேல குண்டூசி குத்தி, ஜோடி ஜோடியா முறுக்கி மாத்தி மாத்திப் போடுவாங்க. பாவும் இல்ல ஊடும் இல்ல. 1809ல ஹீத்கோட்னு ஒரு ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கின மெஷின் கட்டை லேசோட வலையத்தான் நெஞ்சுச்சு. அதனால வலைங்கிறது உள்ள வரணும். பூவலை?

-----

பூவலைன்னா மீன் பிடிக்கிறதான்னு கேப்பாங்க. தைக்கத் தெரிஞ்ச யார வேணா கேளுங்க, லேஸ்னுதான் சொல்லுவாங்க. அப்படியே போடுங்க.

-----

லகரம் மொழிமுதல்ல வராது, தொல்காப்பியம் படிச்சவங்கதானே நாம?

-----

சரி, இலேசுன்னு எழுதுங்க. "ரவிக்கைக்கு இலேசு தைத்தல்"னா ரொம்ப ஈஸியான வேலைன்னு நினைச்சு ஆளுங்க சேந்துடுவாங்க :)

-----

சல்லாத்துணின்னு ஒன்னு இருக்கேன்னு சொல்ல வந்தேன், அது மெல்லிசு மஸ்லின், வேற. ஆனா அடிப்படையிலேயே ஒரு கேள்வி, ஏன் ஒரே சொல்லு? இங்கிலீஷ் கார்டுக்கு (cord) முதுகுல தண்டுவடம், குழந்தைக்குத் தொப்புள்கொடி, மூட்டை கட்ட கயிறுன்னு தனித்தனியாத்தான வச்சிருக்கோம், யாராவது சண்டை போட்டாங்களா? அவங்க மொழியில ஒன்னா ஒட்டிக்கிட்டத நாம எதுக்குச் சுமக்கணும்? பதிப்பாசிரியர்கிட்ட இத முதல்ல சொல்லுங்க.

-----

எல்லாருக்கும் நன்றி. சொன்னேன், அரைமனசா ஒத்துக்கிட்டார். கட்டுறதுக்கு நாடா, உடுப்புக்குச் சரிகை, இறுக்குறதுக்கு "நாடா கோத்தல்". துணிக்கு லேஸ்னுதான் போட்டிருக்கேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் "பூவலை எனும் லேஸ்". அனுப்பியாச்சு.

-----

அனுப்பினது அனுப்பினதாவே இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது கண்ணித்துணியை மறுபடி எடுப்பேன். லாக்வியஸ் பத்தி இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, தனி இழையில எழுதுறேன்.